தோட்டத்து ரோடு

சமையலுக்கு வாங்கிய தவுகே முளைப்பயறின் வாலைக் கிள்ளிக்கொண்டே கதை படிப்பது எனக்குப் பழகிவிட்டது. மடியில் பை, பைக்குள் கை, கண் மட்டும் புத்தகத்தில். பக்கம் திருப்புவது என் மகள் ஷார்மேனின் வேலை.

எங்கள் இரண்டு பேருக்கும் கிடைக்கிற நேரம் இந்த வேன்தான். ஈப்போவில் கையுறை ஃபேக்டரி விட்டதும் பெண்கள் பன்னிரண்டு பேரையும் ஏற்றிக்கொள்ளும். வழியில், பிள்ளை பார்த்துக்கொள்கிற வீட்டு வாசலில் ஷார்மேன் ஏறிக்கொள்வாள். வீட்டுக்குப் போய்விட்டால் அடுப்பு, துணி, மறுநாள் பள்ளிச் சட்டை. அதற்குள் அவள் தூங்கிப் போவாள்.

அவளுக்கு ஆறு வயது. படப் புத்தகம் என்றால் அவளுக்கு மட்டும்தான் ஆசை என்று சொன்னால் பொய். எனக்குத்தான் அதிகம். சின்ன வயதில் என் கையில் ஒன்றுகூட இருந்ததில்லை. பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு புத்தகம் முடிய அரை மணி நேரம் ஆகும்.

கம்பெனி வேனில் பிள்ளையை ஏற்றக் கூடாது. டிரைவர் பிச்சைமுத்து அண்ணே பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார். முதல் நாள், "பெல்ட்டப் போடு," என்றார். அதற்கப்புறம் எங்களிடம் பேசினதே இல்லை.

அன்றைக்குப் பின் சீட்டிலிருந்து கிளாரிசா அக்கா எழுந்து வந்தாங்க. கையில் ஒரு பேப்பர்.

"இசபெல்லா, இதுல ஒரு கையெழுத்துப் போடு லா."

"என்னக்கா இது?"

அக்கா குரலைத் தாழ்த்தினாங்க. "டிரைவர மாத்தச் சொல்லி மனு. பெரிய ரோடு, ஐவே இருக்கறப்ப இந்த ஆளு எதுக்குப் பழைய தோட்டத்து ரோட்டுல சுத்திட்டுப் போறாரு? பத்து நிமிசம் லேட்டு. டெய்லியும் இல்ல, வாரத்துல மூணு நாளு. பாத்துக்கிட்டுத்தான் வரேன்."

"அங்க என்னக்கா இருக்கு? ரப்பரு மரமெல்லாம் எப்பவோ போச்சு. வெறும் செம்பனை மரந்தான்."

"அதான் சொல்றேன். ஆளே இல்லாத ரோட்டுல ஒரு மனுசன் எதுக்குப் போறாரு? எவளையோ வச்சிருக்காரு."

பக்கத்து சீட்டு கிருஷாந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேன நிறுத்தக்கூட மாட்டேங்கிறாரே அக்கா."

"ஜன்னல்ல பாத்துட்டுப் போவாரு. ஒனக்கு என்ன தெரியும்?" என்று அவளை அடக்கிவிட்டு, அக்கா என் பக்கம் திரும்பினாங்க. "பதினோரு பேரு போட்டாச்சு. நீ ஒருத்திதான் பாக்கி. போடலன்னா, பிள்ளைய ஏத்திக்கிறாரு, அதான் அவரு பக்கம் நிக்கிறான்னு ஆபீஸ் வரைக்கும் பேச்சு போகும். அப்புறம் என்னையக் குத்தம் சொல்லாத."

பேனாவை வாங்கினேன். கையெழுத்துப் போட்டால் வேறு டிரைவர் வருவார், ஷார்மேனை ஏற்ற மாட்டார். போடாவிட்டால் ஆபீசுக்குத் தெரியும், அப்போதும் ஏற்ற முடியாது. எப்படிப் பார்த்தாலும் போகப் போவது என் கதை நேரம். விரலில் இருந்த தவுகே ஈரம் பேப்பரில் ஒட்டியது.

"அம்மா, படி," என்றாள் ஷார்மேன். "யானைக்குட்டி பாலத்து நடுவுல நிக்குது."

"இரு தங்கம்."

ரோடு பிரிகிற சிம்பாங் வந்தது. நேரே போனால் ஐவே. இடப்பக்கம் தோட்டத்து ரோடு.

"இப்ப பாரு, எந்தப் பக்கம் போறாருன்னு," என்று அக்கா என் தோளை இடித்தாங்க.

தினமும் இந்த இடத்தில் என் கண் புத்தகத்தில்தான் இருக்கும். அன்றைக்குத்தான் நிமிர்ந்தேன்.

வேன் மெதுவானது. பிச்சைமுத்து அண்ணே கண்ணாடியில் எங்கள் சீட்டைப் பார்த்தார். புருவத்தை மட்டும் தூக்கினார்.

ஷார்மேன் மீதிப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். அப்புறம் கண்ணாடிக்கு நேராக நாலு விரலைக் காட்டினாள்.

அண்ணே இடப்பக்கம் சிக்னல் போட்டார்.

தோட்டத்து ரோட்டில் வேன் குலுங்கிக்கொண்டு போனது.

"எத்தன நாளாடி இது?" என்று ஷார்மேன் காதோரம் கேட்டேன்.

"எப்பவுந்தான். ஒரு பக்கம் ரெண்டு பக்கம்னா அங்கிள் நேரா போவாரு. நெறைய இருந்தா இப்படி."

எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. முன்னால் அண்ணே, தனக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி குழி பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். பேப்பரையும் பேனாவையும் அக்காவிடம் நீட்டினேன்.

"நான் போடலக்கா. எனக்குச் சரியாப் பேச வராது. ஆனா பிச்சைமுத்து அண்ணே வந்து, நம்ம நெனைக்கிற மாதிரி…"

"தெரியுது லா. எனக்கும் கண்ணு இருக்கு."

கிளாரிசா அக்கா பேப்பரை இரண்டாக மடித்தாங்க, நாலாக மடித்தாங்க. நான் கிள்ளிப் போட்ட தவுகே வாலோடு பைக்குள் அதையும் திணித்துவிட்டு, எங்கள் சீட்டு ஓரத்திலேயே இடித்துக்கொண்டு உட்கார்ந்தாங்க.

"போன வாரம் படிச்ச கதையில அந்த ஆட்டுக்குட்டி வீடு போயிச் சேந்துச்சா இல்லையான்னே எனக்குத் தெரியல. பின் சீட்டுல ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. இன்னிக்காவது கொஞ்சம் சத்தமாப் படி."