பெரியவர் எடுத்துக்கொண்ட பை

"சாப்பாட்டுப் பை எங்க, ஃபெபா?"

ஸ்டெபின் கேட்ட பிறகுதான் ஃபெபா திரும்பிப் பார்த்தாள். அவள் சைக்கிள் கேரியரில் ரப்பர் கயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

கூடாரம், அடுப்பு, துணிமணி என்று கனமானது எல்லாம் ஸ்டெபினின் சைக்கிளில் இருந்தது. ஃபெபாவின் பொறுப்பில் ஒரே ஒரு சிவப்புப் பை. வழிச் சாப்பாடு மொத்தமும் அதில்தான். வாழைப்பழம், அச்சு வெல்லம், கடலை மிட்டாய், அவல். அந்த ஒன்றையும் அவள் தொலைத்துவிட்டாள்.

இருவருக்கும் ஓசூரில் ஒரே கம்பெனியில் வேலை. கல்யாணத்துக்கு முன்பு ஸ்டெபின் நண்பர்களோடுதான் இப்படி மலைமலையாகச் சுற்றுவான். பொங்கல் லீவில் என்னையும் கூட்டிப் போங்க என்று நச்சரித்து, நண்பர்களைக் கழற்றிவிட வைத்து, அஞ்செட்டி தாண்டி இந்தக் காட்டுத் தடத்தில் ஏறி வந்திருந்தாள் ஃபெபா. முதல் நாளே இந்த லட்சணம். இனி ஜென்மத்துக்கும் கூட்டி வர மாட்டான் என்று நினைத்ததும் அழுகை முட்டியது.

"சோறு இல்லாம மேல எப்படிப் போறது? பையத் தேடி எடுத்துட்டு அப்படியே வீட்டுக்குப் போயிரலாம்," என்றான்.

சைக்கிளைத் திருப்பினார்கள்.

"பேடா, பேடா. வேணாம், கீழ போவாதீங்க."

பாறை மேலிருந்து ஒரு அம்மா இறங்கி வந்தாள். மாடு மேய்க்கிறவள். பெயர் சாந்தம்மா, மேலே தெரிகிற ஊர்தான் என்று கன்னடம் பாதி தமிழ் பாதியாகச் சொன்னாள். ஓசூர்க்காரர்களுக்கு அது பழக்கப்பட்ட பாஷைதான்.

"உங்க பைதான? அதப் பெரியவரு எடுத்துக்கிட்டாரு."

ஸ்டெபினுக்கு உயிர் வந்தது. எங்கே இருக்கிறார் என்று சொன்னால் போய் வாங்கிக்கொள்கிறோம் என்றான். சாந்தம்மா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"வாங்கறதா? அவரு கையில போனது திரும்ப வராது சாமி. ரொம்ப நேரமா உங்க பின்னாலயேதான் வந்துட்டிருந்தாரு. நான் மேலருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

ஸ்டெபினுக்குச் சுறுசுறுவென்று கோபம் ஏறியது. ஒருவர் பின்னாலேயே வந்து பையை அமுக்கியிருக்கிறார். இன்னொருவர் அதை மேலிருந்து வேடிக்கை பார்த்திருக்கிறார். ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்று கேட்டதற்கு, சத்தம் போட்டால் அவருக்குப் பிடிக்காது, அதான் வாயை மூடிக்கொண்டேன் என்றாள் சாந்தம்மா.

"அவர் பேர் என்னம்மா?" ஃபெபா மெல்லக் கேட்டாள்.

சாந்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பேரெல்லாம் சொல்லப்படாது கண்ணு. பெரியவருன்னு சொன்னாப் போதும்."

ஃபெபாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. புருஷன் பேரை வாயால் சொல்லாத பெண்கள் இன்னும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

"அந்தம்மாவோட வீட்டுக்காரருங்க. விடுங்க, பாவம்," என்று ஸ்டெபினின் காதில் கிசுகிசுத்தாள்.

பாவம்தான். சொந்தபந்தத்தோடு ஒத்துப் போகாமல் தனியாகத் திரிகிறாராம். திடீரென்று ஒரு நாள் வந்து நிற்பாராம். போன மாதம்கூட வந்து வீட்டுச் சுவரை இடித்துத் தள்ளிவிட்டுத்தான் போனாராம். குடிப்பாரா என்று கேட்டாள் ஃபெபா. கிடைத்தால் விடமாட்டார் என்று சாந்தம்மா சர்வசாதாரணமாகச் சொன்னாள். இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு இந்த அம்மா எப்படிக் காலம் தள்ளுகிறாளோ என்று ஃபெபாவுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

"இருந்தாலும் நல்லவரு. பைய மட்டும் எடுத்துக்கிட்டு உங்கள விட்டாரே. அவருக்கு ஒரு கும்பிடு போடுங்க," என்றாள் சாந்தம்மா.

பையைத் தூக்கின ஆளுக்குக் கும்பிடு வேறா என்று ஸ்டெபின் பல்லைக் கடித்தான்.

ஆனால் அந்தக் கடுப்பு வெகுநேரம் தாங்கவில்லை. சாந்தம்மா ஃபெபாவின் கையிலிருந்த சைக்கிளை வாங்கி, வீடு வரை தானே தள்ளிக்கொண்டு வந்தாள். களி கிளறி, அவரைக்கொட்டைக் குழம்பு ஊற்றி, போதும் போதும் என்கிற வரை போட்டாள். சாப்பிட்டு முடித்தால், ராகி மாவும் அவரைக்காயும் மூட்டை கட்டித் தயாராக இருந்தது. கேரியரில் வைத்து அவளே இறுக்கிக் கட்டியும் கொடுத்தாள்.

ஃபெபாவுக்குக் கண் கலங்கியது. பெற்றவள்கூட இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்ய மாட்டாள். வீட்டுக்காரர் செய்த காரியத்துக்கு இந்த அம்மா ஈடு கட்டுகிறாள் என்று ஸ்டெபின் நினைத்துக்கொண்டான்.

"மேலயே போலாம், ஃபெபா. அதான் சாப்பாடு இருக்குதே," என்றான். "அடுத்த வருஷமும் நாம ரெண்டு பேருதான்."

ஃபெபா சந்தோஷத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் சாந்தம்மாவிடம் திரும்பினான். உங்கள் உப்பைத் தின்றுவிட்டு உங்கள் வீட்டுக்காரர் மேல் கோபத்தை வைத்துக்கொண்டு போக மனசு வரவில்லை, அவரையும் ஒரு தரம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறோம் என்றான்.

"எங்க வீட்டுக்காரரா?" சாந்தம்மா முழித்தாள். "அவரு கெலமங்கலம் சந்தைக்கில்ல போயிருக்காரு."

பிறகு என்ன நினைத்தாளோ, வாயில் விரலை வைத்து மூச்சு விடக்கூடாது என்று சைகை காட்டி, இருவரையும் வீட்டுக்குப் பின்னாலிருந்த பாறை விளிம்புக்குக் கூட்டிப் போனாள்.

வெகு கீழே, அவர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி வந்த அதே தடத்தில், ஒற்றைத் தந்தத்தில் சிவப்புப் பை கிழிந்து தொங்க, தும்பிக்கையால் மண்ணை வாரி முதுகில் போட்டபடி நின்றிருந்தார் பெரியவர்.