படிக்கட்டு அடியில் ஒரு ஆடு

எதிர்வீட்டுக்காரன் செத்தால் மூன்றாம் நாள்தான் தெரிகிறது. முகம் தெரியாதவனுக்கு மட்டும் விடிந்ததும் ரோஜாப்பூ படம் போட்டுக் காலை வணக்கம். என்ன ஜென்மங்களோ என்று முணுமுணுத்தபடி பூட்டுக்காரர் ஓட்டலின் கண்ணாடிக் கதவைத் தள்ளினார்.

கதவு அசையவில்லை.

"இழுக்கணும்ங்க," என்றாள் மனைவி.

இழுத்தார். போகிற போக்கில் கதவிலிருந்த பூட்டையும் பார்த்துக்கொண்டார். மட்டமான பூட்டு.

காலமெல்லாம் பூட்டு ரிப்பேர் செய்தவர். அவர் கணக்கில் மனிதர்கள் இரண்டே வகை. திருடினவன், இன்னும் வாய்ப்புக் கிடைக்காதவன்.

மனைவி கொஞ்ச காலமாகப் போனில் ஒரு பயணக் குழுவில் இருக்கிறாள். ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள், எழுத்திலேயே பழகியவர்கள். இன்றைக்குத்தான் முதல்முறையாக நேரில் பார்த்துச் சேர்ந்து சாப்பிடப் போகிறார்கள். "நீங்க வேணாம், உங்களுக்குப் பொழுது போகாது" என்று நாலு தரம் சொல்லிப் பார்த்தாள்.

நாலாவது தரம் சொன்னபோது அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். முகம் தெரியாத கூட்டம் சாப்பிடக் கூப்பிடுகிறது என்றால், எதையோ உருவத்தான் கூப்பிடுகிறது. பர்ஸாகவும் இருக்கலாம், கிட்னியாகவும் இருக்கலாம்.

மேஜையில் மூன்று பேர். ஒரு பல் டாக்டரம்மா, பேங்கில் ஓய்வுபெற்ற ஒரு மீசைக்காரர், கழுத்தில் கேமரா தொங்கும் ஒரு தம்பி.

மூவரும் எழுந்தே விட்டார்கள். "வாங்க, ஊர்சுத்தி அக்கா!"

பின்னால் வேறு யாரோ வருகிறார்களாக்கும் என்று பூட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

ஊர்சுற்றியா? இவளா? தங்கச்சி வீட்டையும் ஆஸ்பத்திரியையும் விட்டால் இவள் எங்கே போனாள்? எங்கேயாவது போகலாம் என்று அவள் வாயெடுத்தாலே "வீட்டை யாரு பாத்துக்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்பார். பயணம் வாசலிலேயே முடிந்துவிடும்.

சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்து, அதன்மேல் கையையும் வைத்து உட்கார்ந்தார்.

சூப் வந்தது. மற்றவர்கள் குடித்தும் உயிரோடு இருப்பதைப் பார்த்த பிறகுதான் கரண்டியை எடுத்தார்.

"அக்கா, அந்தத் தீவு, அந்தக் கலங்கரை விளக்கம்! நாங்களும் போன எடந்தான். ஆனா உங்கள மாதிரி யாரு எழுதினா? ஒரு தடவ உங்க வாயால சொல்லுங்களேன்," என்றார் பல் டாக்டரம்மா.

நீலக்கடல், வெள்ளைக் கோபுரம், மூச்சு முட்டும் படிக்கட்டு என்று அவரே எடுத்தும் கொடுத்தார்.

எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்த பூட்டுக்காரருக்குப் பொறி தட்டியது. அடுப்படிச் சுவர்க் காலண்டர். வருஷம் முடிந்த பிறகும் அவள் கழற்ற விடாத காலண்டர்.

வாயைத் திறந்தார். பொய்யைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. சம்பந்தி என்றும் பாராமல் முகத்துக்கு நேரே சொன்ன வாய் அது.

மனைவி அவர் பக்கம் திரும்பவில்லை. தப்புச் சாவி நுழைந்த பூட்டுப்போல இறுகிக் கிடந்தாள். கையிலிருந்த கரண்டி மட்டும் காலிக் கிண்ணத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

"சாரும் கூடப் போயிருந்தீங்களா?" என்றார் மீசைக்காரர்.

எல்லார் கண்ணும் பூட்டுக்காரர்மேல்.

"பின்னே? தனியா விட்டுருவேனா?"

வார்த்தை தானாக வந்துவிட்டது. அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. கைக்கு அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டார்.

"படிக்கட்டு அடியில ஒரு ஆடு கட்டியிருந்துச்சு. நொண்டி ஆடு."

தொலைந்தோம் என்று நினைத்தார்.

"அடடா, அந்த ஆடு!" மீசைக்காரர் மேஜையைத் தட்டினார். "என் தொப்பிய மென்னே தீத்துருச்சு சார்!"

"கீழ்வரிசையில ரெண்டு பல்லு ஆடிட்டிருந்துச்சு, பாவம்," என்றார் பல் டாக்டரம்மா.

கேமராத் தம்பி அதைப் படமே எடுத்தானாம். அந்த ஒரு மெமரி கார்டுதான் எங்கோ தொலைந்துவிட்டதாம்.

பூட்டுக்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒவ்வொருத்தர் வீட்டு அடுப்படியிலும் ஒரு காலண்டர் தொங்குகிறது போல.

கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. "அத ராணின்னு கூப்பிடுவாங்க," என்று மனைவி ஆரம்பித்தாள். அதற்கப்புறம் அந்த மேஜையில் வேறு யாருக்கும் பேச இடம் கிடைக்கவில்லை.

வெளியே வந்து தெருமுனை வரை போயிருப்பார்கள். சர்வர் பின்னாலேயே ஓடிவந்தார். கையில் சாவிக்கொத்து.

பூட்டுக்காரர் இதுவரை அதை எங்கும் வைத்துவிட்டு வந்தவரே இல்லை.

"ஐயா, நீங்க பேசினது காதுல விழுந்துச்சு. நான் அந்தத் தீவுக்காரன்தான்." சர்வர் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஆடு போன மழையில செத்துப்போச்சுங்க."

பூட்டுக்காரர் அவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை அளந்தார்.

"எந்தக் காலு நொண்டி?"

"முன்னங்காலுங்க. எடது," என்றார் சர்வர் யோசிக்காமல்.

ஒரு சாவியும் குறையவில்லை என்று தடவிப் பார்த்துக்கொண்டு பூட்டுக்காரர் நடையைக் கட்டினார்.

"பாவம் இல்லைங்க?" என்றாள் மனைவி.

"புளுகுறான். அது பின்னங்காலு."

"அங்க போயி நாலு பேரக் கேட்டாத் தெரிஞ்சுட்டுப் போகுது."

"வீட்டை யாரு..." என்று ஆரம்பித்தவர் பாதியிலேயே விழுங்கிக்கொண்டார்.

"பின்னங்காலுதான்," என்று தெருவிளக்கைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவளுக்கு நாலடி முன்னால் விறுவிறுவென்று நடந்தார்.