பிடித்த பிடி

பின்சக்கரத்தைக் கழற்றி முட்டுக்கொடுத்த டிராக்டர் கொட்டகையில் நிற்கிறது. நேற்றுச் சேற்று வயலிலிருந்து ஏறி வந்து, சரிவில் பிரேக்கை மிதித்தும் நிற்காமல் குளக்கரைவரை ஓடிய வண்டி. ஓட்டியவள் இப்போது அதன் முன்னால் குத்தவைத்து, பிரேக் டிரம்மைக் கழற்ற மரச்சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுகிறாள். அது இம்மியும் நகரவில்லை. "பிரேக் ஷூ மொத்தமும் தேஞ்சிருக்கும். இனிமே நீ இதுல ஏறவே வேண்டாம்," என்கிறான் கணவன், பத்தாவது தடவையாக. தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே காலை வெயில் அவள் முதுகில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. எழுந்து இருக்கைப் பக்கம் எட்டிப் பார்த்தவள் சுத்தியலைக் கீழே போடுகிறாள். "ஏங்க, ஹேண்ட் பிரேக்கை யாரு இழுத்து வச்சது?" அவன் தலையைச் சொறிகிறான். "நாந்தான். உருண்டு போயிடுமோன்னு ஒரு பயம்." "நல்லாருக்கு போங்க! அரை மணி நேரமா மல்லுக்கட்டுறேன். இவ்வளவு அடிச்சும் உள்ளேயிருந்து டிரம்மைப் பிடிச்ச பிடியை விடலைன்னா, ஷூ இன்னும் நல்லாத்தானே இருக்கு?" அவன் ஹேண்ட் பிரேக்கை விடுவிக்கிறான். டிரம் லொடக்கென்று கழன்று அவள் கைக்கு வருகிறது. ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க, காய்ந்த சேற்றுக்கு அடியில் ஷூவின் பட்டை பாதிகூடத் தேயாமல் கனமாக இருக்கிறது. "இந்தச் சேறுதான் நேத்து பிடிக்கவிடாம வழுக்கியிருக்கு," என்று அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். கேட்பதற்கு முன்பே அவன் உப்புத்தாளை நீட்டுகிறான். "தேய்ச்சு மாட்டு. நாளைக்கு நீதானே ஓட்டணும்."