பன்னிரண்டு பேருக்கு ஒரு கரை

"அவசரப்படாதீங்க. பன்னிரண்டு பேருக்கும் ஒரே கரைதான். நேர்ல பாத்து, மத்தியானத்துக்குள்ள முடிவைச் சொல்லிடறேன்."

படகிலிருந்து இறங்கிய அம்மையார் கைப்பேசியில் இவ்வாறு பேசிக்கொண்டே ஆட்டோவில் ஏறி அமர்ந்தார். அதைக் கேட்ட ஆட்டோக்காரனுக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது.

காரணம் இல்லாமலில்லை. தென்கரையில் அவனுடைய அண்ணி ஆறு அறைகள் கொண்ட விடுதியொன்றை நடத்தி வந்தாள். அண்ணன் கப்பலில் வேலை பார்ப்பவன். ஆண்டில் பத்து மாதம் தண்ணீர்மேல்தான் வாசம். "விடுதி கட்டுங்க அண்ணி, ஆள் கொண்டுவர்றது என் பொறுப்பு" என்று தூபம் போட்டவன் இவனே. மூன்று மாதமாக ஒருவரும் அங்கே தலைகாட்டவில்லை. இந்த வாரமும் யாரும் வாராவிடில் விடுதியைப் பூட்டிவிட்டுத் தாய்வீட்டுக்கே போய்விடுவதாக அன்று காலையில்தான் அண்ணி சொல்லியிருந்தாள். அவளும் போய்விட்டால், 'வந்து சாப்பிடு' என்று அவனை அழைக்க அந்தத் தீவில் வேறு வாசல் இல்லை.

இப்போதோ, ஆறு அறைக்குப் பன்னிரண்டு பேர். அளவெடுத்துத் தைத்தாற்போல் அமைந்திருந்தது.

"இங்க நாலு கரைம்மா. எதை முதல்ல பாக்கறீங்க?"

"நாலையும் பாத்துட்டுத்தான் மறுவேலை தம்பி."

தென்கரையைக் கடைசியில் காட்டுவதென்று அவன் தீர்மானித்துக்கொண்டான்.

சாலையின் நட்டநடுவே ஒரு நாய் படுத்திருந்தது. அவன் வண்டியை மண்ணில் இறக்கி, நாயைச் சுற்றிக்கொண்டு போனான்.

"ஆரன் அடிக்கலாமே?" என்றார் அம்மையார்.

"தூங்குதும்மா."

அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். சற்றுத் தள்ளிப் பழக்கடைக்காரர் நாற்காலியிலேயே குறட்டை விட்டுக்கொண்டிருக்க, வந்தவர் ஒருவர் தாமே ஒரு சீப்பைப் பிய்த்துக்கொண்டு, காசைத் தட்டில் வைத்துவிட்டு, அவருடைய தூக்கத்தைக் கலைக்காமல் நடந்தார். "குடுத்துவச்ச ஊருப்பா இது" என்று அம்மையார் மனமாரச் சொன்னார்.

வடகரையில் கரும்பாறைகள் மீது அலைகள் ஏறி உடைந்தன. கைகட்டி நின்று வெகுநேரம் பார்த்தார். "கம்பீரமா இருக்கு. ஆனா கறுப்பு தூக்கலா இருக்கே. என் பொண்ணுங்க வேண்டாம்பாங்க."

கீழ்க்கரையில் சிவப்பும் மஞ்சளுமாகக் குடைகள், பந்துகள், பாய்மரங்கள். "கண்ணைப் பறிக்குது தம்பி. அதுதான் சங்கடம். எல்லார் கண்ணும் கரையிலேயே நின்னுட்டா, என் பொண்ணுங்க முகத்தை யாரு பாப்பாங்க?"

பெண்களை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பதறும் தாய்மாரைத்தான் அவன் அறிவான். இது என்ன புதுமை என்று தலையைச் சொறிந்துகொண்டான்.

மேல்கரை பால்போல் வெளுத்து, கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடந்தது. அம்மையார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மணலில் கோயிலுக்குள் நடப்பவரைப்போல் நடந்தார். அவனுக்கு உள்ளூர அச்சம். இதையே பிடித்துக்கொண்டால் என் செய்வது?

திரும்பி வந்தவர் பெருமூச்சு விட்டார். "அள்ளிக்கிட்டுப் போகுது மனசை. ஆனா அகலம் அதிகம். நாலஞ்சு பேரு குள்ளம். அவங்க இதுல மூழ்கியே போயிடுவாங்க."

"முழங்கால் ஆழந்தாம்மா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, நமக்கேன் வம்பு என்று வண்டியைக் கிளப்பினான்.

தென்கரை வந்தது. வெயில் உச்சியில் நின்றது. ஓரத்தில் மெல்லிய வெள்ளை நுரை; அதையடுத்து இளந்தளிர்ப் பச்சையில் நீர்; அதற்கப்பால் மயில்கழுத்து நீலம். ஒன்று எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்கிற்று என்று யாராலும் சொல்ல இயலாது. அம்மையார் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நான்கு விரல்களைச் சேர்த்துக் கடலுக்கு நேராக நீட்டிப் பார்த்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"இதுதான் தம்பி. இதைவிட்டா வேற கரை கிடையாது."

அவன் வேலியோரம் ஓடி அண்ணிக்குப் பேசினான். "பன்னிரண்டு பேரு அண்ணி. எல்லாரும் பொண்ணுங்க. அறையெல்லாம் தொறந்து வைங்க."

"போன மாசமும் இப்படித்தான் சொன்னே. வந்தது கொசு மருந்து அடிக்கிறவரு."

"நாலு கரையையும் ஒதுக்கிட்டு... சே, மூணு கரையையும் ஒதுக்கிட்டு, நம்ம கரையைத்தான் பிடிச்சிருக்காங்க. கூட்டிட்டே வர்றேன்."

இருவரும் விடுதியை அடைந்தபோது, ஆறு அறைகளின் சன்னல்களும் திறந்திருந்தன. கொடியில் விரிப்புகள் காற்றில் ஆடின. மடியில் தலையணையும் வாயெல்லாம் பல்லுமாக உறைபோட்டுக்கொண்டிருந்த அண்ணி, எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அம்மையாரோ உட்காரக்கூடப் பொறுமையின்றிக் கைப்பேசியைக் காதில் வைத்தார்.

"நெசவுக்காரரே, கரை கிடைச்சிடுச்சு. வெள்ளை, இளம்பச்சை, மயில்கழுத்து நீலம், நாலு விரல் அகலம். நம்ம பாட்டுக்குழுப் பொண்ணுங்க பன்னிரண்டு பேர் புடவைக்கும் இதே கரையைப் போட்டு நெய்ய ஆரம்பிச்சிடுங்க. நான் அடுத்த படகுலேயே திரும்பிடறேன்."

பன்னிரண்டாவது தலையணை, உறைக்குள் பாதி நுழைந்தபடியே அண்ணியின் கையில் நின்றுவிட்டது.