சிவப்புக் கோட்டின் மேல் ஒரு விரல்

"பன்னெண்டு வருசமா பனியன் வேன் ஓட்டறேன். கண்ணைக் கட்டி உட்டாலும் போவேன், எனக்கெதுக்கு மேப்பு?" என்று நேற்று கதிர்வேல் சிரித்தான். "புது வழியில போனா டீசல் மிச்சமாகுமாமுங்க" என்றாள் மனைவி சாரதாமணி. இப்போது காலை வெயிலில், கம்பெனி தந்த வரைபடம் வேனின் முன்பக்கத்தில் படபடக்கிறது. புதிய குறுக்குவழியைக் காட்டும் சிவப்புக் கோடு ஒரு பள்ளிக்கூட வாசலைத் தொட்டுப் போகிறது. "இதா, நெருப்பெரிச்சல் ஊரு" என்று அவன் விரல் வைக்கிறான். விரலுக்குக் கீழே மங்கலம் என்று வேறோர் ஊரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. சாரதாமணி டீ டம்ளரைக் கீழே வைக்கிறாள். இத்தனை நாளும் பழகிய பாதையில் ஞாபகத்தை வைத்துத்தான் ஓட்டியிருக்கிறான். கதவைத் திறக்கப் போகிறான்; சாவி துளையைத் தேடித் தகரத்தில் கிறீச்சிடுகிறது. அவன் பார்வை மங்குவதைக் கண்டு ஆறு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அவள் சொல்லிவிடுகிறாள். "ஏனுங்க, வண்டி எடுக்காதீங்க. கண்ணாஸ்பத்திரிக்குப் போலாம், வாங்க."