புதன்கிழமைக் குதிரை

“அக்கா, குதிரை உதைக்காதோ?” கனடாவிலிருந்து அழைத்த சுபாங்கன் இன்றும் அதையேதான் முதலில் கேட்டான்.

“உது கிழட்டுக் குதிரை தம்பி. உங்கடை அப்பாவைவிடச் சாது,” என்று சிரித்தாள் பராமரிப்பாளர் உதயகலா.

கரவெட்டியில் இருந்த அந்த முதியோர் இல்லத்துக்குப் முதியவர்களின் சிகிச்சைக்காகப் புதன்தோறும் லொறியில் குதிரை வரும். பக்கவாதத்துக்குப் பிறகு கட்டிலைவிட்டு இறங்க மறுத்த அவன் அப்பா ஆழ்வாப்பிள்ளை, அதன் கயிற்றைப் பிடித்தபடி இப்போது வாசல்வரை நடக்கிறார்.

“என்னைப் பற்றிக் கேட்டவரோ?”

“இல்லைத் தம்பி.”

ஐந்து வருடமாக இதே பதில்தான். அவன் வெளிநாடு புறப்பட்ட அன்று, கோபத்தில் அப்பா அறைக்கதவைத் திறக்கவேயில்லை.

“அப்ப குதிரையோடை மட்டும்தான் கதையாக்கும்?”

“ஓம். லொறியிலை ஏத்தேக்கை அதின்ரை நெத்தியிலை திருநீறும் பூசிவிடுவார்.”

“குதிரைக்கோ?” அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பூசிப்போட்டு என்ன சொல்லுறவர்?”

“எங்களுக்கு ஒண்டும் விளங்கிறேல்லைத் தம்பி. ‘போய் இறங்கினவுடனை போன் எடு. அண்டைக்கு அப்பா கதவு திறக்கேல்லையெண்டு மனசிலை வைச்சிராதை ராசா’ எண்டுவார்.”