ஒன்பது நொடி மனு

கலெக்டர் ஆபீஸ் வாசலில் கனகவல்லி மனு எடுத்துக் கொடுக்கிறாள். எழுதிக் கொடுத்த காலமெல்லாம் போய்விட்டது. இப்போது மனு என்றால் ஒன்பது நொடி வீடியோ. அதிகாரியின் கண் ஒன்பது நொடியும் திரையில் நின்றால்தான் மனுவுக்கு நம்பர் விழும். நடுவில் கண் நகர்ந்தால் அடுத்தவர் மனு தானாக ஓட ஆரம்பித்துவிடும்.

அந்தத் திங்கட்கிழமை தையல்காரர் அருளப்பன் வந்தார். அவர் தெருவில், பள்ளிக்கூடத்தை ஒட்டியிருக்கும் பாதாளச் சாக்கடைக்கு மூடி இல்லை.

"யாராச்சும் விழுந்திருக்காங்களாண்ணே?"

"இன்னும் இல்லம்மா. விழுறதுக்கு முன்னாடி மூடிரட்டும்னுதான் வந்தேன்."

கனகவல்லிக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்போ முதல் ரெண்டு நொடிக்கு எதைக் காட்டுறது? கொஞ்சம் அழுதாவது பேசுங்க."

அவருக்கு அழ வரவில்லை. விஷயத்தை உள்ளபடி சொன்னார். இரண்டாவது நொடியிலேயே மனு தள்ளுபடி ஆனது. அடுத்த இரண்டு திங்கட்கிழமையும் அதே கதைதான்.

நாலாவது திங்கட்கிழமை, மெஷின் மிதிக்கிற காலில் மாவுக்கட்டோடு ஆட்டோவிலிருந்து இறங்கினார். கனகவல்லி பதறிப்போய் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

"இருட்டுல கவனிக்காம விழுந்துட்டீங்களாண்ணே?"

"பட்டப்பகல்தாம்மா. பிள்ளைங்க வெளிய வர்றதுக்குள்ள, நல்லா பாத்துதான் குதிச்சேன்."

உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலைக் கேமராவுக்கு நேராக நீட்டினார்.

"இப்ப எடும்மா. முதல் ரெண்டு நொடிக்கு இதைக் காட்டு."